கடல்ல முங்கி எந்திரிச்சும் எடை குறையலையே!

கேள்வி: எனக்கு 44 வயசு, உயரம் 152 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. பாசி எடுக்கப் போறவ நான். வெள்ளனவே வள்ளத்துல போயி, விரல்ல துணியச் சுத்திக்கிட்டு முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிச்சிட்டு கரைக்கு வர மதியமாயிடும். வந்ததும் பசி கண்ண மறைக்கும், டீயும் வடையும்தான், அப்புறம் வீட்டுல சோறு, ராத்திரி பல நாளு கடை புரோட்டா. டவுன்ல கல்லாவுல உக்காந்தே இருக்குற என் நாத்தனாரும் இதே எடைதான். உழைக்கிற உடம்பு ஊதாதுன்னு சொல்றதெல்லாம் பொய்யா?
– மண்டபம் வாசகி

பதில்: பாதிப் பொய் தங்கச்சி. நாம சாப்புடுறதுல பெரும்பங்கு, கடையில உக்காந்திருக்குற ஆளுக்குன்னா 60, 70 சதவீதம் வரைக்கும், இதயம், ஈரல், மூளை, மூச்சுன்னு சும்மா கெடந்தாலும் செலவாகுறதுதான். செரிக்கிறதுக்கு ஒரு 10 சதவீதம். மிச்சம்தான் கை கால் அசைக்கிறதுக்கு. உங்களுக்கு அந்த மிச்சம் நாத்தனார விடக் கூடத்தான் இருக்கும், ஆனா நீங்க நெனைக்கிற அளவுக்கு இருக்காது.

தான்சானியாவுல ஹட்ஸான்னு ஒரு சனம், இன்னும் வேட்டையாடி கெழங்கு தோண்டித் திங்குறவங்க. ஆம்பளைங்க ஒரு நாளைக்கு 11 கிலோமீட்டர் போல நடக்குறாங்க. ஹெர்மன் பான்ட்சர்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவரு கூட்டாளிகளும் அவங்களுக்கு ஒரு விசேஷத் தண்ணியக் குடிக்கக் குடுத்து, அப்புறம் சிறுநீர சோதிச்சு, எத்தன கலோரி செலவாகுதுன்னு அளந்தாங்க. 2012-ல முடிவு வந்துச்சு. உடம்பு அளவ ஈடு கட்டிப் பாத்தா, அமெரிக்காவுல சேர்ல உக்காந்து வேலை பாக்குறவன் செலவழிக்கிறதும் ஹட்ஸா செலவழிக்கிறதும் ஏறக்கொறைய ஒண்ணுதான்! நெறைய உழைச்சா உடம்பு வேற எடத்துல செலவ சுருக்கிக்கிடுதுன்னு அவரு சொல்றாரு, இத எல்லாரும் அப்படியே ஒத்துக்கிடல, விவாதம் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு, அந்த சனத்துல குண்டானவங்கள பாக்குறதே அபூர்வம். கலோரி செலவுல பெரிய வித்தியாசம் இல்லைன்னா அப்புறம் எதுல வித்தியாசம்? தட்டுலதான்.

உங்க தட்டுக்கு வாரேன். எத்தன டீன்னு எழுதல, அஞ்சுன்னு வச்சிக்கிடுவோம், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சீனின்னா 50 கிராம், அதுலயே 200 கலோரி. ஒரு மணி நேரம் வேகமா நடந்தாதான் அது கரையும். எண்ணெய் இன்னும் மோசம், ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்துலயும் புரதத்துலயும் 4தான். ஒரு பெரிய கரண்டி எண்ணெய் 120 கிட்ட வந்துரும், புரோட்டா மாஸ்டர் கரண்டியில ஊத்துறாரா டின்ன சாய்க்கிறாரான்னு நின்னு பாத்திருக்கீங்களா?

உண்மையான சிக்கல் அந்த மதியப் பசிதான்னு எனக்குத் தோணுது. வெறும் வயித்தோட முங்கிட்டு வந்தா முதல்ல கண்ணுல படுறது வடை தட்டுதான, யாரக் குத்தம் சொல்ல. வள்ளத்துலயே ஒரு தூக்குச்சட்டியில பழைய சோறும், பொரிக்காம சுட்ட கருவாடோ அவிச்ச பயறோ கொண்டு போங்க (கருவாடு உப்பு, பிரஷர் இருந்தா பயறே போதும்). வீட்டுல சாளை, நெத்திலிய கொழம்பா வைங்க, பொரிக்கிறது வாரம் ஒரு நாள். மீன மொதல்ல சாப்பிட்டுட்டு அப்புறம் சோறு போட்டுப் பாருங்க, ரெண்டாவது கரண்டிக்கு கை போகுதான்னு.

அதுக்காக பாசி எடுக்கப் போறது எடைக்கு உதவலைன்னு நெனைச்சிறாதீங்க. சர்க்கரை, பிரஷர், தூக்கம் எல்லாத்துக்கும் அது நல்லது, எறக்குன எடை திரும்ப ஏறாம புடிச்சி வைக்கிறதும் உழைப்புதான். ஒரு தடவ தைராய்டும் பாத்துருங்க.

கேள்வி: 52 வயசு. 3 வருசமா போட்டுக்குப் போறதில்ல, ஏலக்கூடத்துல கணக்கு எழுதுறேன். இடுப்பு 98 சென்டிமீட்டர். வயசானா மெட்டபாலிசம் (உடம்பு கலோரிய செலவழிக்கிற வேகம்) கொறைஞ்சிரும்னு சொல்றாங்க, அதுதான?
– தொண்டி வாசகர்

பதில்: வயசு மேல பழி போடாதீங்கண்ணே. 29 நாட்டுல 6,400 பேருக்கு மேல அளந்து 2021-ல வந்த ஆய்வுல, உடம்பு அளவ ஈடு கட்டிப் பாத்தா 20 வயசுல இருந்து 60 வரைக்கும் செலவு கிட்டத்தட்ட மாறவே இல்ல, 60-க்கு மேலதான் வருசத்துக்கு 0.7 சதவீதம் கொறையுது. உங்களுக்கு மாறுனது வலை இழுத்த கை இப்ப பேனா புடிக்குது, சாப்பாடு மட்டும் போட்டுல போனப்ப சாப்பிட்ட அதே அளவு. அதோட ஏலக்கூடத்துல வந்து போறவங்க வாங்கிக் குடுக்குற டீ, பிஸ்கட், மிக்சர் பாக்கெட்டும் இருக்கும்ல? 2019-ல அமெரிக்காவுல 20 பேர ஆஸ்பத்திரியிலயே தங்க வச்சு 2 வாரம் பாக்கெட் வகை சாப்பாடு, 2 வாரம் சமைச்ச சாப்பாடு குடுத்தாங்க, வேணுங்குற அளவு சாப்பிடலாம். பாக்கெட் வகையில தினம் 500 கலோரி கூடுதலா உள்ள போயிருக்கு, அவங்களுக்கே தெரியாம. நம்ம ஊரு ஆம்பளைங்களுக்கு இடுப்பு 90-க்குள்ள இருக்கணும். 98-ங்குறது சர்க்கரை டெஸ்ட் எடுக்க வேண்டிய அளவு, இந்த வாரமே வெறும் வயித்துல எடுத்துருங்க.

கேள்வி: சீனிக்குப் பதிலா கருப்பட்டி போட்டா எடை ஏறாதா? – சாயல்குடி வாசகி

பதில்: ஏறும். கலோரி ரெண்டுலயும் ஏறக்கொறைய ஒண்ணுதான். ருசிக்காகப் போட்டுக்குங்க, ஆனா சீனி மாதிரியே இதுவும் அளவாத்தான்.