4-குளோரோநைட்ரோபென்சீனை ஹைட்ரஜனேற்றினால் குளோரினும் கழன்று அனிலீன் வருகிறதே, ஏன்?

பல்லேடியம்-கார்பன் பயன்படுத்தியிருப்பீர்கள். கார்பன்-குளோரின் பிணைப்பை உடைப்பதில் பல்லேடியம் கெட்டிக்காரன். காரம் கலந்திருந்தால் இன்னும் வேகம். கந்தகமேற்றிய 5% பிளாட்டினம்-கார்பனுக்கு மாறுங்கள். கந்தகம் மேற்பரப்பின் வீரியத்தைத் தணிப்பதால் நைட்ரோ தொகுதி அமீனாக ஒடுங்கும், குளோரின் பெரும்பாலும் தப்பிக்கும்.

15.8 கிராம் (0.1 மோல்) மூலப்பொருளுக்கு மெத்தனாலில் 0.16 கிராம் வினையூக்கி, 50 டிகிரி செல்சியஸ், 5 முதல் 10 பார் அழுத்தம் என்று தொடங்கலாம். தேவையான ஹைட்ரஜன் 0.3 மோல், அதாவது அறை நிலையில் சுமார் 7 லிட்டர். அவ்வளவு உறிஞ்சியதும் உடனே நிறுத்துங்கள். தாமதித்தால் குளோரின் இழப்பு கூடும்.

மூன்றில் இரண்டு பங்கு உறிஞ்சிய பின் வேகம் சட்டென்று குறைந்தால், ஹைட்ராக்சிலமீன் (நைட்ரோ அமீனாகும் வழியில் வரும் இடைநிலைப் பொருள்) தேங்கியிருக்கக்கூடும். வெப்பத்தை ஏற்றிவிடாதீர்கள்! அது வெடித்துச் சிதையக்கூடிய பொருள். அடுத்த முறை தொடக்கத்திலேயே சிறிதளவு அம்மோனியம் வனடேட் சேர்த்தால் இந்தத் தேக்கம் வெகுவாகக் குறையும்.

வடிகட்டும்போது வினையூக்கியை உலரவிடக் கூடாது. மெத்தனால் ஆவியும் காற்றும் பட்டால் தானே தீப்பிடிக்கும்; நைட்ரஜன் சூழலில், ஈரமாகவே வடிகட்டுங்கள்.

குளோரினுக்குப் பதில் இரட்டைப் பிணைப்பைக் காக்க வேண்டுமென்றால் டைட்டானியம் டைஆக்சைடு மேல் பதித்த தங்க நுண்துகள்கள் நல்ல தேர்வு. 3-நைட்ரோஸ்டைரீனில் வேதியியலாளர்கள் கோர்மாவும் செர்னாவும் 2006இல் இதைக் காட்டினார்கள். ஆனால் 120 டிகிரி அளவு வெப்பம் வேண்டும்.