தொட்டிப் பக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் செடிகள் நட்ட மீன் தொட்டி வைத்திருக்கிறேன். ஐந்து ஏஞ்சல் மீன்கள், குட்டியாக வாங்கி ஆறு மாதம் ஆகிறது. தரைப்பகுதி வெறிச்சென்று கிடப்பதால் ராம் அல்லது அபிஸ்டோ என்ற சின்ன சிக்லிட் மீன்களை விடலாம் என்று ஆசை. ஏஞ்சல் அடித்தே கொன்றுவிடும் என்கிறார் கடைக்காரர். ஒன்றும் செய்யாது என்கிறார் நண்பர். யாரை நம்புவது?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: இருவருமே கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். நண்பர் பார்த்தது ஏஞ்சல் முட்டையிடுவதற்கு முன்பு. கடைக்காரர் பார்த்தது அதற்குப் பிறகு.

சாதாரண நாட்களில் இவை மாடிக் குடித்தனமும் கீழ்க் குடித்தனமும் போல. ஏஞ்சலின் தட்டையான உடம்பு, அமேசான் பகுதியின் மெதுவான நீரில் வேர்களுக்கும் தண்டுகளுக்கும் இடையே நழுவிப் போவதற்கு ஏற்றது. அது நடுத்தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். அபிஸ்டோ உதிர்ந்த இலைகளுக்குள் வாழும் தரைவாசி. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். சண்டை வருவது படிக்கட்டில். ஏஞ்சல் செங்குத்தான பரப்பில்தான் முட்டை ஒட்டும்: ஸ்வார்ட் செடியின் இலை, ஃபில்டர் குழாய், சில சமயம் கண்ணாடியே. அந்த இலைக்குக் கீழே யார் குடியிருந்தாலும் மறுநாள் காலையில் காலி செய்தாக வேண்டும்.

என் மூன்றடித் தொட்டியில் இதை ஒரு பாடமாகவே படித்தேன். ஏஞ்சல் ஜோடியும் ராம் ஜோடியும் ஏழெட்டு மாதம் சமர்த்தாக இருந்தன. ஒரு சனிக்கிழமை மாலை ஏஞ்சல்கள் இரண்டும் ஸ்வார்ட் இலையைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தன. எனக்கு ஒரே பூரிப்பு. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஞாயிறு காலை ராம்கள் இரண்டும் ஹீட்டருக்குப் பின்னால் மூலையில் ஒடுங்கி நின்றன, வால் கிழிந்து. ஆண் ராம் திங்கட்கிழமை போய்விட்டது. முட்டைகளையும் அந்தப் பெற்றோரே தின்றுவிட்டன என்பது தனிக் கதை. முதல் ஈடு பெரும்பாலும் அப்படித்தான்.

உங்களுக்கு நாலடி இருக்கிறது, சுமார் 250 லிட்டர். தாராளம். ஆனால் உங்கள் ஏஞ்சல்கள் ஜோடி சேரும் வயதை நெருங்கிவிட்டன. சேர்ந்தால் முதலில் அடிவாங்கப்போவது அபிஸ்டோ அல்ல, மிச்சமிருக்கும் மூன்று ஏஞ்சல்கள். ஒதுக்கி வைக்க ஒரு இரண்டடித் தொட்டியை, ஸ்பாஞ்ச் ஃபில்டருடன், இப்போதே தயார் செய்துவிடுங்கள். அது இல்லாமல் இந்த யோசனையே வேண்டாம்.

ராமா, அபிஸ்டோவா? ராம் வெனிசுவேலா, கொலம்பியா சமவெளிகளில் ஓரினோகோ ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. 28 முதல் 30 டிகிரி வெப்பம் கேட்கும். ஏஞ்சலுக்கும் 28 பிடிக்கும். வெப்பக் கணக்கில் பொருத்தம்தான். ஆனால் ராமுக்கு மென்மையான தண்ணீர் வேண்டும். கடையில் கிடைப்பவற்றில் பாதி நோஞ்சானாகவும் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பி இருப்பவருக்கு நான் ராம் சொல்லமாட்டேன். காக்கட்டு அபிஸ்டோ, அதாவது முதுகில் கொண்டை மாதிரி துடுப்பு நிற்குமே, அது ஓரளவு கடினத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும். அப்படியும் ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தால் நல்லது.

ஓர் ஆண், மூன்று பெண் வாங்குங்கள். ஆண் எட்டு சென்டிமீட்டர் வளரும், பெண் ஐந்தோடு சரி. ஆனால் குஞ்சு இருக்கும்போது அந்த ஐந்து சென்டிமீட்டர் அம்மாள் எலுமிச்சை நிறத்துக்கு மாறி, தன்னைப் போல மூன்று மடங்கு பெரிய ஏஞ்சலை நாலடியும் துரத்துவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கொட்டாங்குச்சி. தேங்காய்ச் சில்லைச் சுத்தமாகச் சுரண்டி, நன்றாகக் கொதிக்க வைத்து, விளிம்பில் பெண் மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு வாசல் உடைத்துக் கவிழ்த்து வையுங்கள். ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசல் தெரியக் கூடாது; குறுக்கே கட்டை போடுங்கள், அதில் அனுபியாஸ் செடியைக் கட்டிவிடுங்கள். தரைக்குப் பொடி மணல், ஏனென்றால் இவை மணலை வாயில் அள்ளிச் சலித்துத் தின்னும். முக்கியமாக, ஸ்வார்ட் செடியைப் பிடுங்கித் தொட்டியின் ஒரு கோடியில் நடுங்கள். கொட்டாங்குச்சிகள் எல்லாம் மறு கோடியில் இருக்கட்டும். படிக்கட்டைத் தள்ளி வைப்பது அப்படித்தான்.

மே மாதத்தில் தண்ணீர் 32-ஐத் தாண்டினால் மூடியைத் திறந்து மேற்பரப்பில் சின்ன மின்விசிறி ஓடட்டும். இரண்டு டிகிரியாவது இறங்கும். ஆவியாகிக் குறையும் தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுகட்டுங்கள்.

கேள்வி: ஏஞ்சல் தொட்டியில் 12 நியான் டெட்ரா விட்டேன். மூன்று வாரத்தில் நான்குதான் இருக்கின்றன. செத்த மீன் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எங்கே போகின்றன?
– வாசகி, திருச்சி

பதில்: ஏஞ்சலின் வயிற்றுக்குள், அம்மா. நியான் மூன்று சென்டிமீட்டர், ஒல்லி, விளக்கணைந்ததும் மயங்கி நிற்கும். வளர்ந்த ஏஞ்சலுக்கு அது இரவுச் சிற்றுண்டி. மிச்சம் நான்கையும் இன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். கூட்டமாக ஓடும் மீன்தான் வேண்டுமென்றால் சிவப்பு மூக்கு டெட்ராவைப் பெரிதாகவே பார்த்து வாங்குங்கள். அது இந்த வெப்பத்தையும் தாங்கும். டைகர் பார்ப் என்ற மீன் பக்கம் போகாதீர்கள். ஏஞ்சலின் நீண்ட துடுப்பை நூல் நூலாகப் பிய்த்துவிடும்.

கேள்வி: கடையில் ‘கன்ஃபர்ம் ஜோடி’ என்று இரண்டு ஏஞ்சல் குட்டிகளை அதிக விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஏஞ்சலில் ஆண் எது, பெண் எது என்று விற்பவருக்கும் தெரியாது, அந்த ஏஞ்சலுக்கும் தெரியாது. ஆறு குட்டிகள் வாங்கிச் சேர்ந்து வளர விடுங்கள், ஜோடியை அவையே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: ஏரியில் பிடித்த ஜிலேபிக் கெண்டைக் குஞ்சும் ஏஞ்சல் மாதிரியே சிக்லிட் குடும்பம்தானாமே. ஏஞ்சலோடு விடலாமா?
– பள்ளி மாணவர், செங்கல்பட்டு

பதில்: குடும்பம் ஒன்றுதான் தம்பி. ஆனால் அது ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி 1952-இல் இந்தியாவுக்கு வந்து, நம் ஏரிகளையெல்லாம் தனதாக்கிக்கொண்ட மீன். உன் தொட்டியில் ஒரு செடி மிஞ்சாது. பிடித்ததை அம்மாவிடம் கொடு. குழம்புக்கு அருமையாக இருக்கும்.