கேள்வி – பதில்: ஓராள் ஊரும் பதினாறாயிரம் சென்ட் விளையும்

கேள்வி: அமெரிக்காவில் ஒரே ஒரு ஆள் இருக்கிற ஊர் உண்டு, அவரே மேயர் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா? (வாசகர், திங்கள்சந்தை)

பதில்: நம்பலாம். நெப்ராஸ்கா மாநிலத்தின் வடக்கு ஓரம், பாய்டு கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்றது) உள்ள 'மோனோவை' (Monowi) என்பதுதான் அந்த ஊர். 1930-களில் 150 பேர் வரை இருந்தார்கள். 2000 கணக்கெடுப்பில் ரூடி, எல்சி ஐலர் தம்பதி மட்டும் மிஞ்சினார்கள். 2004-ல் ரூடி காலமானார். 2010-ல் மக்கள்தொகை 1. 2020 கணக்கெடுப்பில் 2 என்று இருப்பதைப் பார்த்து யாரோ குடிவந்துவிட்டதாக எண்ண வேண்டாம். தனியாள் விவரம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகச் சிற்றூர் எண்ணிக்கையைக் கணக்கெடுப்புத் துறையே சற்றுக் கூட்டிக் குறைத்துத்தான் வெளியிடுகிறது.

மேயர் எப்படி? நம் பேரூராட்சியை அரசு அறிவிக்கிறது. அங்கே ஊர்க்காரர்களே மனுக் கொடுத்துப் பதிவு செய்துகொள்கிறார்கள். நெப்ராஸ்காவில் 'வில்லேஜ்' என்று பதிய 100 முதல் 800 பேர் வேண்டும். பதிந்தபின் ஆள் குறைந்தது என்பதற்காகப் பதிவு தானாகப் போய்விடாது. ஆகவே மேயர், எழுத்தர், பொருளாளர் எல்லாம் எல்சியே. மதுக்கடை நடத்துபவரும் அவரே என்பதால், உரிமத்துக்கு மாநிலத்துக்கு விண்ணப்பித்தால் அந்தக் காகிதம் ஊர் எழுத்தர் என்ற முறையில் அவர் கைக்கே வந்து சேரும். நான்கு தெருவிளக்குக்கு மாநில நிதி வாங்க ஆண்டுதோறும் சாலைத் திட்டம் எழுதி அனுப்பவும் வேண்டும். ரூடி சேர்த்த சுமார் 5,000 புத்தகங்களை ஒரு சின்னக் கொட்டகையில் அடுக்கி நூலகமாகத் திறந்துவைத்தார். இத்தனையையும் ஒருவர் விடாமல் செய்ததால்தான் அது இன்னும் ஊர் என்ற கணக்கில் நிற்கிறது, மரியாதைக்குரிய உழைப்பு.

கேள்வி: அங்கே வீட்டுக்கு வீடு ஏன் இவ்வளவு தூரம்? ஊர்கள் ஏன் காலியாகின்றன? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: நிலத்தை அளந்த விதத்தில் இருக்கிறது விஷயம். 1785 சட்டப்படி ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். 1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறியவருக்குக் கால் செக்‌ஷன், 160 ஏக்கர் வரை கொடுத்தது. நம் கணக்கில் 16,000 சென்ட்! ஐந்து சென்டில் வீடும், பத்து சென்ட் விளையில் தென்னையும் வாழையும் நல்லமிளகும் வைக்கிற நமக்கு இது மலைப்பாகத்தான் இருக்கும். ஐந்து ஆண்டு அந்த நிலத்திலேயே குடியிருந்து பயிர் செய்தால்தான் பட்டா. அதனால் நம்மைப் போல ஓரிடத்தில் சேர்ந்து வீடு கட்ட வழியில்லை; அடுத்த வீடு அரை மைலுக்கு அப்பால் போயிற்று.

திங்கள்சந்தை சந்தையால் ஊரானது போல, அந்தச் சமவெளியில் பல ஊர்கள் ரயில் நிலையத்தால் ஆனவை. குதிரை வண்டியில் கோதுமையோ சோளமோ கொண்டுவந்து இறக்கிவிட்டு, இருட்டும் முன் வீடு திரும்பும் தூரத்தில் நிலையங்கள் அமைந்தன. அருகில் 'எலிவேட்டர்' என்ற உயரமான தானியக் கிடங்கு. ஓடும் பட்டையில் வரிசையாகக் கோத்த வாளிகள் கீழ்க்குழியிலிருந்து தானியத்தை அள்ளி உச்சிக்கு ஏற்றும். அங்கிருந்து அது தன் எடையாலேயே ரயில் பெட்டிக்குள் சரிந்துவிடும்.

டிராக்டர் வந்ததும் பல குடும்பங்கள் உழுத நிலத்தை ஒரே குடும்பம் உழுதது. கார் வந்ததும் மளிகைக்குத் தூரத்து ஊருக்குப் போனார்கள். மோனோவையில் மளிகைக் கடைகளும் அஞ்சலகமும் முதலில் போயின. 1974-ல் பள்ளியும் மூடியது. கடை போனால் ஊர் சமாளித்துவிடும். பள்ளி போனால் பிள்ளை உள்ள குடும்பம் அங்கே புதிதாக வராது, அதுதான் கொல்லும் அடி.

கேள்வி: நர்ஸாக இருக்கும் மகளுக்கு நெப்ராஸ்காவில் ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. கைக்குழந்தையும் உண்டு. எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகி, குலசேகரம்)

பதில்: அத்தகைய ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் 'கிரிட்டிக்கல் ஆக்சஸ்' வகை. 25 படுக்கைக்கு மேல் கூடாது. அவசர சிகிச்சை 24 மணி நேரமும் உண்டு. ஒரே ஷிப்டில் விபத்து, நெஞ்சுவலி, வயோதிகர் எல்லாரையும் பார்க்க நேரும். இங்கே ஒரே வார்டில் பழகியவர் என்றால், அவசர சிகிச்சையில் கை பழகிவிட்டுப் போகட்டும். பஸ்ஸை நம்ப முடியாது, கார் ஓட்டத் தெரிந்தே ஆக வேண்டும்.

பனிப்புயலில் கார் சிக்கினால் இறங்கி நடக்கக் கூடாது. நாலடி தள்ளினாலே வழி தெரியாமல் போகும். புகைக்குழாய் வாயில் படிந்த பனியை அகற்றிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டிச் சூடேற்ற வேண்டும். குழாய் அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து உயிரை எடுக்கும். கம்பளி, தண்ணீர், மண்வெட்டி எப்போதும் காரில் இருக்கட்டும். பெட்ரோல் பாதி டாங்குக்குக் கீழே போகவே வேண்டாம்.

இன்னொன்று, தண்ணீர். ஊருக்கு வெளியே வீடு எடுத்தால் பெரும்பாலும் சொந்த ஆழ்கிணறுதான். சோளக்காட்டு உரத்தின் நைட்ரேட் அதில் இறங்கியிருக்கலாம். நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராம்தான் வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்பொடி கலக்கக் கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். சீரகம் போட்டுக் கொதிக்கவைக்கும் நம் பழக்கம் இங்கே உதவாது. நீர் ஆவியாக ஆக நைட்ரேட் செறிவு கூடவே செய்யும். ஆர்.ஓ. வடிகட்டி குறைக்கும். வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே கிணற்று நீர் ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.