என்.டி.ஏ. சேர்க்கை: கேட்டவர்களுக்குப் பதில்

பிளஸ் டூ முடித்ததும் நேராக முப்படை அதிகாரிப் பயிற்சிக்குப் போகும் வழி, புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமி (என்.டி.ஏ.). அங்கே படித்து, தரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எழுத்துத் தேர்வு, எஸ்.எஸ்.பி. (அதில் தேறியவர்களைப் படைத் தேர்வு வாரியம் ஐந்து நாள் வைத்துப் பார்ப்பது), மருத்துவம் பற்றிக் கேளுங்கள். எஸ்.எஸ்.பி.க்குக் கோச்சிங்கில் மனப்பாடம் செய்துவிட்டு வராதீர்கள் என்பது நான் எப்போதும் சொல்வது. கேட்கும் முன் மற்றவர்களுக்குச் சொன்ன பதிலையும் கொஞ்சம் படியுங்கள்.

திண்டுக்கல் மாணவர்: சார், நான் காமர்ஸ் குரூப். விண்ணப்பிக்கலாமா?

தரைப்படைக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். விமானப்படை, கடற்படை இரண்டுக்கும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். ஆனால் எந்தக் குரூப்பாக இருந்தாலும் எழுத்துத் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்குக் கணிதத் தாள் உண்டு. அதை மறந்துவிட்டு விண்ணப்பம் போடாதே தம்பி.

ஈரோடு, ஒரு அப்பா: மகன் பத்தாம் வகுப்பில் 490 வாங்கியவன். அது போதுமா?

அந்த மார்க்கை இங்கே யாரும் தராசில் வைப்பதில்லை ஐயா. பிளஸ் டூ தேறியிருந்தால், அல்லது கடைசி வருடத்தில் இருந்தால் போதும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. வயது, பயிற்சி தொடங்கும்போது சுமார் பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் நடுவில். சரியான பிறந்த தேதி வரம்பை ஒவ்வொரு அறிவிப்பிலும் இந்தத் தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி. கொடுக்கும். ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தாலும் விடமாட்டார்கள்.

தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை. கணிதம் 300, பொதுத் திறன் 600 (அதில் ஆங்கிலம் மட்டும் 200), மொத்தம் 900. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். 2023, 2024இல் எழுத்துத் தேர்வுக்கான கட்-ஆஃப் 300ஐ ஒட்டியே நின்றது. பார்க்கச் சின்ன எண்ணாகத் தெரியும், கேள்வித்தாளைக் கையில் வாங்கினால் புரியும். இது முதல் பாதிதான். எஸ்.எஸ்.பி.க்குத் தனியாக இன்னொரு 900 இருக்கிறது.

விருதுநகர் மாணவர்: நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ் சரளமாக வராது. எஸ்.எஸ்.பி.யில் வெளியே அனுப்பிவிடுவார்களா?

கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழில் கிடையாது. எஸ்.எஸ்.பி.யிலும் அந்த இரண்டு மொழிதான். நமக்கு அது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் இலக்கணம் தடுக்கினாலும், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறாயா என்றுதான் பார்ப்பார்கள். மேடைப் பேச்சு ஆங்கிலம் யாரும் கேட்கவில்லை.

அங்கே ஐந்து நாள் நடப்பதைக் கேள். முதல் நாள் அறிவுத்திறன் கேள்விகள். அப்புறம் மங்கலான ஒரு படத்தை 30 வினாடி காட்டி, 4 நிமிடத்தில் கதை எழுதச் சொல்லி, குழுவாகப் பேச விடுவார்கள். தேறாதவர் அன்றைக்கே ஊருக்குக் கிளம்பலாம். மறுநாள் உளவியல் தேர்வு: படம் பார்த்து 12 கதைகள் (கடைசியில் காட்டுவது வெறும் வெள்ளைத் தாள்), ஒவ்வொன்றும் 15 வினாடியாக 60 சொற்களுக்கு மனதில் தோன்றும் வாக்கியம், அரை மணியில் 60 சூழ்நிலைகளில் நீ என்ன செய்வாய் என்ற பதில். பிறகு மைதானத்தில் குழுப் பணிகள், தனியாக நேர்காணல். இந்த மூன்றையும் வேறு வேறு மதிப்பீட்டாளர்கள் பார்த்து, கடைசி நாள் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். அதனால்தான் முதல் நாள் நிரப்பும் தகவல் படிவத்தில் பொய் எழுதாதே என்கிறேன். 'கூடைப்பந்து மாவட்ட அணி' என்று எழுதிவிட்டு, நேர்காணலில் மைதானத்தின் அளவு தெரியாமல் விழித்தால் கதை முடிந்தது.

கோவை வாசகர்: கோச்சிங் வேண்டாம் என்பது போலப் பேசுகிறீர்கள். எனக்கு அதனால்தான் கிடைத்தது.

கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போனால் நல்லதே. நான் எதிர்ப்பது கதைகளை மனப்பாடம் செய்ய வைப்பதை. எந்தப் படம் வந்தாலும் கதாநாயகன் கிராமத்துக்குப் போய் ரத்ததான முகாம் நடத்துகிறான். உளவியலாளர் அந்தக் கதையை ஒரே தொகுப்பில் எத்தனை முறை படிப்பார்?

கோவை வாசகர்: பட்டணத்துப் பள்ளிப் பிள்ளைக்குக் குழு விவாதம் பழக்கம். கிராமத்துப் பிள்ளை எங்கே பழகும்? சொல்லுங்கள்.

இது நியாயமான அடி. குழுவில் பேசிப் பழகுவதும், கட்டைகளை வைத்துத் தடைகளைத் தாண்டும் மைதானப் பணியை ஒரு முறை பார்த்துவைப்பதும் பயம் போக்கும். அதுவரை உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் என்.சி.சி. முகாம், கபடி அணி, ஊர்த் திருவிழாவுக்கு வசூல் செய்து கணக்கு ஒப்படைத்தது, இவையெல்லாம் அதே பயிற்சிதான், காசில்லாமல்.

தஞ்சை வாசகர்: இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதானே?

இல்லை. அவர் பழக்கத்தைச் சொல்கிறார், கொஞ்சம் விட்டால் வேஷத்தையும் சேர்த்துக்கொள்வார். நான் பழக்கத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன்.

கோவை வாசகர்: வேஷம் என்று நான் சொல்லவில்லை.

சரி, விட்டுவிடுவோம். வரிசையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

சேலம் மாணவி: பெண்கள் சேர முடியுமா சார்?

முடியும் அம்மா. 2021இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் தேர்வெழுத அனுமதித்தது, 2022இல் முதல் பெண்கள் உள்ளே போனார்கள், 2025 மே மாதம் 17 பேர் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். இடங்கள் இன்னும் குறைவு, போட்டி கடுமை. அறிவிப்பில் பெண்களுக்கான எண்ணிக்கையைத் தனியாகப் பார்.

நாகர்கோவில் மாணவர்: கண்ணாடி போடுகிறேன். லேசிக் செய்துகொண்டு வரலாமா?

வேண்டாம்! 20 வயதுக்கு முன் செய்த லேசிக்கை (கண்ணாடி இல்லாமல் பார்க்கச் செய்யும் லேசர் சிகிச்சை) ஏற்கமாட்டார்கள், இந்தத் தேர்வுக்கான வயதோ அதற்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு படைக்கும் பார்வை வரம்பு வேறு, அறிவிப்பின் மருத்துவப் பகுதியை எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போ. நிறக்குருடு, தட்டைப் பாதம், முழங்கால் இடிப்பது இவற்றையும் இப்போதே பார்த்துவிடு. பச்சை குத்தும் ஆசையைத் தள்ளிப்போடு.

கரூர் மாணவர்: காமர்ஸ் குரூப், ஏர்போர்ஸ் கிடைக்குமா?

முதல் பதில்.

திருச்சி மாணவர்: பைலட் ஆக வேண்டும்.

விமானிக்கான கணினித் திறன் தேர்வு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். தோற்றால் பறக்கும் பிரிவு மூடிவிடும். தூங்காமல் பயணம் செய்துவிட்டு அதில் போய் உட்காராதே.

கடலூர், ஒரு அம்மா: ஒருவர் பணம் கொடுத்தால் சீட் உறுதி என்கிறார்.

மோசடி. போலீசில் புகார் கொடுங்கள். இங்கே படிப்புக்கும் தங்கும் செலவுக்கும் அரசே பொறுப்பு, முடிவில் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜே.என்.யு.) பட்டமும் உண்டு. சீட் விற்கும் கவுண்டர் எங்கும் இல்லை.

மதுரை வாசகர்: அக்னிவீர் தேர்வுக்கும் இதுதானா?

இல்லை. அது சிப்பாய் நிலை சேர்ப்பு, வழியே வேறு.

சென்னை வாசகர்: பரங்கிமலையில் படிக்கலாமே, புனே எதற்கு?

பரங்கிமலையில் இருப்பது அதிகாரிகள் பயிற்சி அகாடமி, அதற்கு முதலில் பட்டம் வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

உடுமலை, ஒரு அப்பா: பையன் ஐந்தாம் வகுப்பு.

பக்கத்திலேயே அமராவதிநகர் சைனிக் பள்ளி இருக்கிறது, ஆறாம் வகுப்புக்கு நுழைவுத்தேர்வு உண்டு. எட்டாம் வகுப்புக்கு டேராடூனில் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி (ஆர்.ஐ.எம்.சி.), தமிழ்நாட்டில் அந்தத் தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. அதுவரை பையனை விளையாட விடுங்கள்.

விருதுநகர் மாணவர்: கடைசியாக ஒன்று சார், எஸ்.எஸ்.பி.க்கு என்ன எடுத்துப்போக வேண்டும்?

அழைப்புக் கடிதத்தில் உள்ள பட்டியல்படி அசல் சான்றிதழ்கள், நகல்கள், புகைப்படங்கள். பழகிய ஓட்டக் காலணி. புதிது வாங்கினால் கால் கடிக்கும். போகும்போது எடுத்த ரயில் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே, முதல் முறை வருபவருக்குக் கட்டணத்தைத் திரும்பத் தருவார்கள்.