பக்கத்தில் 480 வாடகை வீடுகள் வருகின்றன: எதை எதிர்க்கலாம், எங்கே எழுதலாம்?

கேள்வி: தாம்பரத்துக்கு மேற்கே, 140 வீடுகள் உள்ள பழைய மனைப்பிரிவில் இருக்கிறோம். எங்கள் 30 அடிச் சாலையை ஒட்டிய 5 ஏக்கர் காலி நிலத்தில் ஒன்பது மாடியில் 480 வீடுகள் கட்டப்போகிறார்களாம். ஒன்றும் விற்பனைக்கு இல்லை. தொழிற்சாலை ஊழியர்களுக்குப் படுக்கைக் கணக்கில் வாடகைக்கு விடுவார்களாம். இங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற இடம் இது. நலச்சங்கம் சார்பில் முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு மனு எழுதியிருக்கிறோம், நகல் இணைத்துள்ளேன். திட்டத்தை நிறுத்த முடியுமா? வழக்குக்குப் பணம் வசூலிக்கத் தொடங்கலாமா?

பதில்: மனுவைப் படித்தேன். மூன்று பக்க மனுவில் முதல் இரண்டு பக்கமும் அங்கே குடிவரப்போகிறவர்களைப் பற்றியே இருக்கிறது. வெளிமாநிலத்தவர், கல்யாணம் ஆகாதவர்கள், நிலையான முகவரி இல்லாதவர்கள், இவர்கள் வந்தால் மனை விலை இறங்கிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரும் சாக்கடையும் கடைசிப் பக்கத்தில் நான்கு வரியில் முடிந்துவிட்டன. அந்த முதல் இரண்டு பக்கத்தை முழுதாக எடுத்துவிடுங்கள்.

சட்டக் காரணம் எளிது. 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் நிலத்தின் பயன்பாடு, சாலை அகலம், உயரம், தளப்பரப்பு, காலியிடம் ஆகியவற்றைத்தான் பார்க்கின்றன. குடியிருப்புப் பகுதியில் கட்டும் வீட்டில் உரிமையாளர் இருப்பாரா, வாடகைக்காரர் இருப்பாரா என்று திட்ட அனுமதி தரும் அதிகாரி கேட்க மாட்டார், கேட்கவும் முடியாது. அந்த இரண்டு பக்கத்தைப் பார்த்ததுமே உங்கள் நியாயமான நான்கு வரியையும் சேர்த்து ஓரமாக வைத்துவிடுவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை செய்கிறவர்கள் எங்காவது தங்கித்தான் ஆக வேண்டும். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதன்பிறகுதான் அவர்கள் எவ்வளவு நெருக்கடியில் தரையில் படுத்துக் கிடந்தார்கள் என்பது வெளியே தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் ஊழியர் குடியிருப்பை அரசே திறந்தது. இப்படி முறையாகக் கட்டிய இடம் இல்லாத ஊரில், மூன்று பேருக்கான வீட்டில் பன்னிரண்டு பேரைத் தங்கவைப்பதுதான் நடக்கிறது. அந்த வீடு உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அதற்கு எந்த அனுமதியும் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். ஆகவே வாடகைக் குடியிருப்பே வேண்டாம் என்ற கோரிக்கையை நான் ஆதரிக்கவில்லை. இந்த இடத்தில், இந்தத் தண்ணீருக்கு, இந்தச் சாலைக்கு ஏற்ற மாதிரி கட்டச் சொல்வது உங்கள் உரிமை. அதற்கு முழுப் பலத்தையும் போடுங்கள்.

முதலில் சாலை. 18.30 மீட்டருக்கு மேல் போகும் கட்டடம் விதிகளின்படி உயரமான கட்டடம். ஒன்பது மாடி நிச்சயம் அதில் வரும். அதற்கு 12 மீட்டருக்குக் குறையாத பொதுச்சாலை வேண்டும். உங்கள் 30 அடி சுமார் 9 மீட்டர்தான். எனவே அந்த நிலத்துக்கு வேறு பக்கத்தில் பெரிய சாலை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உங்கள் தெருப் பக்கம் வாசல் வைக்கக் கூடாது என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒன்பது மாடிக்கு அனுமதி கிடைக்காது.

இங்கே பலரும் வெற்றி கிடைத்துவிட்டதாக நினைத்து ஓய்ந்துவிடுகிறார்கள். 18.30 மீட்டருக்குள் அடங்கும் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லா மாடிகளையும் சேர்த்து நிலப்பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். ஐந்து ஏக்கர் என்பது சுமார் 20,200 சதுர மீட்டர். அதன்படி 40,000 சதுர மீட்டர் வரை கட்டலாம். சிறிய வீடுகளாகப் போட்டால் அதே 480 ஐந்து மாடியிலேயே அடங்கிவிடும். அப்புறம் கட்டடம் அகலமாகப் பரவும், மழைநீர் இறங்கும் மண் குறையும். உயரத்தை மட்டும் குறைத்தால் உங்கள் பிரச்சினையில் பாதிகூடத் தீராது. உண்மையான பிரச்சினை தண்ணீர்.

கட்டும் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால் இத்திட்டத்துக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் முன் அனுமதி தேவை. கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். 2006-ம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கட்டுமானத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பு கிடையாது. ஆனால் விண்ணப்பம் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஏறும். அதில் தண்ணீர்க் கணக்கு அட்டவணை ஒன்று இருக்கும். அதைத் தேடி எடுங்கள்.

வழக்கமாக வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று போடுவார்கள். 480 வீட்டுக்கு 2,400 பேர், 3,24,000 லிட்டர். படுக்கைக் கணக்கில் வாடகைக்கு விட்டால் வீட்டுக்கு 8 பேர் வரலாம். அப்போது 3,840 பேர், 5,18,400 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியாகச் சொன்னால் முதல் கணக்குக்கு ஒரு நாளைக்கு 27 லாரி, இரண்டாவதற்கு 43. இதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியே வரும். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் அது எங்கே போகும்? சுத்திகரிப்பு நிலையம் எத்தனை பேருக்குக் கணக்கிட்டது, சுத்திகரித்த பிறகு மிஞ்சும் நீரை எங்கே விடுவார்கள், குடிநீர் தருவதாக மாநகராட்சி எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறதா, போர்வெல்லை நம்பியா என்று கேளுங்கள். வீட்டுக்கு 5 பேர் என்று காட்டி அனுமதி வாங்கிவிட்டு 8 பேரைத் தங்கவைக்கக் கூடாது. மொத்தப் படுக்கை எண்ணிக்கையை அனுமதி நிபந்தனையாகவே எழுத வேண்டும். இதுதான் உங்கள் மனுவின் முதல் கோரிக்கையாக இருக்கட்டும். இதில் உங்களுக்கு ஒரு சாதகமும் உண்டு: விற்றுவிட்டுப் போகும் பில்டரைப் போல, வாடகைக்கு விடும் உரிமையாளர் போய்விட மாட்டார். பத்து வருடம் கழித்தும் சுத்திகரிப்பு நிலையம் ஓடவில்லையென்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்பதற்கு அதே உரிமையாளர் இருப்பார்.

அடுத்தது வெள்ளம். நீர்வளத் துறை தடையின்மைச் சான்று தரும்போது நிலத்தை இத்தனை உயரத்துக்கு மண் போட்டு உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கம். புதுக் கட்டடத்துக்கு அது பாதுகாப்பு. பக்கத்தில் தாழ்வாக இருக்கும் பழைய மனைப்பிரிவுக்கு அதுவே ஆபத்து. ஐந்து ஏக்கரில் நின்ற மழைநீர் உங்கள் தெருவுக்குத்தான் திரும்பும். அரசின் இ-சேவைத் தளத்தில் அந்தப் புல எண்ணுக்குப் புலப்பட வரைபடத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) எடுத்துப் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு (வாய்க்காலுக்கான அரசு நிலம்) உள்ளேயோ ஓரத்திலோ போகிறதா என்று தெரியும். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் எடுத்த படங்கள் யாரிடம் இருந்தாலும் தேதியோடு வாங்கி வையுங்கள். சுவரில் தண்ணீர்க் கறை இன்னும் இருந்தால் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்.

கேட்டு வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் பத்து சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். பணம் கட்டித் தப்பிக்க முடியாது. இந்த ஐந்து ஏக்கரில் அது 50 சென்ட். பெரும்பாலும் அதைக் கண்ணில் படாத மூலையில் தள்ளிவிடுவார்கள். உங்கள் சாலையை ஒட்டி, எல்லோரும் நுழையும்படி வையுங்கள் என்று வரைபட நிலையிலேயே கேளுங்கள்.

யாருக்கு எழுதுவது? தனிப்பிரிவு மனு கடைசியில் சிஎம்டிஏவுக்குத்தான் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வரும். ஆகவே நேரே சிஎம்டிஏ உறுப்பினர் செயலருக்கு எழுதி, சுற்றுச்சூழல் ஆணையம், நீர்வளத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தாம்பரம் மாநகராட்சி ஆகியவற்றுக்கு நகல் அனுப்பி, ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பைப் பார்வையிட அனுமதி கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். நிலம் குடியிருப்புப் பயன்பாட்டில்தான் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேளாண் பயன்பாடு என்றிருந்தால் வகை மாற்ற வேண்டும். அதற்கு நாளிதழில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள். ரெராவுக்கு (மனை, கட்டட விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) போய்ப் பயனில்லை. அது விற்பனைத் திட்டங்களுக்கானது. பெண்கள் விடுதியாக நடத்தினால் 2014-ம் ஆண்டின் பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்புக்கும் அது நல்லது.

சுற்றுச்சூழல் அனுமதி வெளியான நாளைத் தவறவிடாதீர்கள். அதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள்தான். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை பொறுப்பார்கள். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

வழக்குக்கு இப்போது வசூலிக்க வேண்டாம். கையில் இருக்கும் பணத்தில் ஒரு சர்வேயரை வைத்து, உங்கள் தெரு, அந்த நிலம், வாய்க்கால் ஆகிய மூன்றின் மட்டத்தையும் எடுத்து வரைபடமாக்கி மனுவோடு இணையுங்கள். நீர்வளத் துறைப் பொறியாளர் அதைப் பார்க்காமல் ஒதுக்குவது கடினம். ஒதுக்கிவிட்டுச் சான்று கொடுத்தால், வழக்கறிஞருக்கு அதுவே முதல் ஆவணம்.