அதிகம் படிக்காத அம்மாவுக்குப் பயிற்சி குடுத்தா, குழந்தை பள்ளிக்கூடத்துக்குத் தயாராகிடுமா?

கேட்டவங்க திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாக்கறாங்களாம். ஒன்பதாவது வரைக்கும் படிப்பு. பொண்ணுக்கு வர்ற ஆவணியில மூணு வயசு முடியுது. ஊர் பால்வாடியில வாரம் ஒரு நாள் அம்மாமாரைக் கூப்பிட்டு ஏதோ சொல்லித் தர்றாங்க, அதுக்குப் போறதா, இல்ல கடனை உடனை வாங்கியாவது ப்ளே ஸ்கூல்ல சேத்தறதான்னு கேட்டிருக்காங்க.

ரெண்டு நாளா இந்தக் கேள்வி மனசைப் போட்டு அறுக்குதுங்க, அதான் எழுதறேன். நான் பத்தாவது ஃபெயில். சென்னிமலைக்குப் பக்கத்துல தறி ஓட்டற குடும்பம். மூத்தது பொண்ணு, ஏழு வருசம் கழிச்சுப் பையன். ரெண்டு பேரையும் ரெண்டு விதமாப் பள்ளிக்கூடத்துக்குத் தாட்டி உட்டவ நான்.

மூத்தவளை மூணரை வயசுல எல்.கே.ஜி.யில சேத்தோம். எந்தப் பள்ளிக்கூடம்னு சொல்ல மாட்டேன். சேக்கப் போன அன்னிக்கு அங்கிருந்த மேடம், "வீட்டுல இங்கிலீஷ் பேசுவீங்களா?"ன்னு கேட்டாங்க. இல்லைங்கன்னேன். "அப்ப நீங்க எதுவும் சொல்லிக் குடுக்காதீங்க, பாப்பா குழம்பிடும், நாங்க பாத்துக்கறோம்"னாங்க. நானும் அதை அப்படியே நம்பிட்டேன். அதுவரைக்கும் ராத்திரி படுக்கையில அவளுக்குக் கதை சொல்லிட்டு இருந்தவ, அதையும் நிறுத்திட்டேன். ரெண்டு வருசம், சோறு ஊட்டறதும் யூனிஃபார்ம் துவைக்கறதும் மட்டும்தான் என் வேலைன்னு இருந்தேன்.

ஒரு நாள் டைரியில என்னமோ எழுதி வந்துச்சு. பக்கத்து வீட்டுக் காலேஜ் பையன்கிட்டக் காட்டித்தான் எப்பவும் தெரிஞ்சுக்குவேன், அன்னிக்கு அவன் ஊர்ல இல்லை. மறுநாள் வழக்கம்போல யூனிஃபார்ம் போட்டு வேன்ல ஏத்தினேன். சாயங்காலம் கண்ணெல்லாம் வீங்கி வந்து இறங்குச்சு. அன்னிக்கு 'எல்லோ டே'யாம். எல்லாப் பிள்ளைகளும் மஞ்சள் துணி, இவ மட்டும் யூனிஃபார்ம். அந்தப் பருவத்து ரிப்போர்ட்ல நிறம் அடையாளம் தெரியலைன்னு எழுதியிருந்தாங்க.

நான் பொறந்த ஊரு கொடுமுடிப் பக்கம். எங்கப்பாவுக்கு மஞ்சக்காடு. மாசி மாசம் மஞ்சள் வேகவச்சுக் களத்துல காயப்போட்டா, என் பொண்ணு அவ அப்புச்சிகூட உக்காந்து விரலியைத் தனியா, கிழங்கைத் தனியாப் பிரிச்சுப் போடுவா. மூணு வயசுல. சரியா வேகாததை எடுத்து "இது நல்லால்ல அப்புச்சி"ம்பா. அந்தப் பிள்ளைக்குத்தான் மஞ்சள் நிறம் தெரியாதுன்னு எழுதிட்டாங்க. அவளுக்குத் தெரியாதது 'எல்லோ'ங்கற ஒரு வார்த்தைதானுங்களே. களத்துல அவ பண்ணதும் படிப்புதான்னு எனக்கே தெரியாததால, எதுத்து ஒரு வார்த்தை பேசாம கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தேன்.

பையனுக்கு மூணு வயசாகறப்ப நூல் விலை ஏறித் தறி பாதி நாள் நின்னுபோச்சு. ஃபீஸ் கட்ட வழியில்லாமத்தான் பால்வாடியில விட்டோம், கொள்கைன்னு எல்லாம் ஒண்ணுமில்லை. அங்க இருந்த டீச்சர் வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்க அஞ்சாறு பேரை உக்கார வைப்பாங்க. முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "அம்மணி, நாந்தான் பாப்பா, நீ அம்மா. இந்தத் துணியை நிறம் நிறமா அடுக்கச் சொல்லிக் குடு"ன்னு தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க. திருப்பூர்ல இருந்து கொண்டுவந்த கட்டிங் வேஸ்ட் ஒரு பை. அவங்க வேணும்னே தப்பா வச்சாங்க. நான் "அது இல்ல, இங்க வை"ன்னு கையில இருந்து புடுங்கி நானே வச்சேன். மறுபடி தப்பு, மறுபடி புடுங்கினேன். மூணாவது தடவை அவங்க கையை மடியில வச்சுட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. என் மூத்தவ நோட்டைப் பாத்து அப்படியேதான் உக்காருவா. எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு.

அப்புறம் நான் பாப்பா, அவங்க அம்மா. நான் தப்பா வச்சா அவங்க ஒண்ணுமே சொல்லலை, சித்த நேரம் பொறுத்தாங்க. "இது எதுகூடச் சேரும்னு நினைக்கறே?"ன்னு கேட்டுட்டு மறுபடியும் பொறுத்தாங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, அதுக்குள்ள பிள்ளை தானாச் சொல்லும்னாங்க. பயிற்சின்னா இதாங்க. எனக்கு யாரும் ஏ பி சி டி சொல்லித் தரலை.

அதுக்கப்புறம் வீட்டுல புதுசா எதுவும் வாங்கலை. முருங்கைக்கீரை உருவ அவனையும் பக்கத்துல உக்கார வச்சேன், விரலுக்குப் பலம் வந்தாத்தான் பென்சில் நிக்கும்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க. கடலைக்காய் உரிச்சா, எத்தனை தொலி, எத்தனை பருப்பு, ஏன் பருப்பு எச்சா இருக்குதுன்னு கேப்பேன். தார் சுத்தற நூல்ல நெட்டை எது, குட்டை எதுன்னு பிரிப்பான். கோலத்துக்குப் புள்ளி நான் வச்சா கோடு அவன் இழுப்பான். ராத்திரி கதையைப் பாதியில நிறுத்தி, "நரி இப்ப என்ன பண்ணும் சாமி?"ன்னு கேட்டா அவனே ஒரு முடிவு சொல்லுவான். எல்லாம் சேத்து ஒரு நாளைக்குக் கால்மணி நேரம், இருவது நிமிசம். ஒண்ணாவதுல விட்ட அன்னிக்கு அழுகலை. டீச்சர் சொல்றது புரியலைன்னா கை தூக்கிக் கேக்கறான்னு அங்க சொன்னாங்க. மூத்தவ நாலாவது வரைக்கும் கை தூக்கினதே இல்லை.

ஒரு வீட்டுக் கதையை வச்சு ஊருக்கே சொல்லாதேன்னு யாராச்சும் வருவீங்க. சரிதான், ரெண்டு பிள்ளைக குணமும் வேற வேறயா இருந்திருக்கலாம். ஆனா மூத்தவ இப்பக் கோயம்புத்தூர்ல மனையியல் படிக்கறா. போன லீவுக்கு வந்தப்ப, "அம்மா, நீங்க தம்பிக்குப் பண்ணது எங்க பாடத்துலயே இருக்குது"ன்னு சொன்னா. 1969ல இஸ்ரேல்ல, ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்துல அவிமா லொம்பார்ட்னு ஒரு அம்மா, அதிகம் படிக்காத குடியேறிக் குடும்பத்துத் தாய்மாருக்காக இந்த மாதிரி ஆரம்பிச்சாங்களாம். வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுக்கறவங்களும் அதே பகுதி அம்மாமார்தான். ஒருத்தர் அம்மா, ஒருத்தர் பிள்ளைன்னு நடிச்சுத்தான் பழகுவாங்களாம், டீச்சர் எங்களை உக்கார வச்ச மாதிரியே. 1984ல அது அமெரிக்காவுக்கும் போயிருக்குது. ஜமைக்காவுல 1986-87ல, வளர்ச்சி குன்றின 129 குழந்தைகளை எடுத்து, அதுல கொஞ்சம் பேர் வீட்டுக்கு மட்டும் வாரம் ஒரு மணி நேரம் ஆள் அனுப்பி, அம்மாவும் பிள்ளையும் எப்படி விளையாடறதுன்னு ரெண்டு வருசம் காட்டிக் குடுத்திருக்காங்க. இருவது வருசம் கழிச்சுப் பாத்தா, அந்தப் பிள்ளைக மத்தவங்களைவிட 25 சதவீதம் எச்சாச் சம்பாதிக்கறாங்கன்னு 2014ல சயின்ஸ் பத்திரிகையில வந்திருக்குது.

மறுபக்கத்தையும் அவளே சொன்னா. அந்த இஸ்ரேல் பயிற்சியை நியூயார்க்ல நடத்திப் பாத்தப்ப, முதல்ல சேந்த தொகுதிப் பிள்ளைகளுக்கு நல்ல பலன், அடுத்துச் சேந்த தொகுதிக்கு அந்த அளவுக்கு இல்லையாம். அதனால இது எல்லா வீட்டுலயும் ஒரே மாதிரி பலிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். என் பையனும் ஒண்ணும் முதல் ரேங்க் இல்லை, எழுத்து மெதுவாத்தான் வந்துச்சு.

எல்லாம் சொல்லிட்டு, "எனக்கு ஏம்மா இதெல்லாம் பண்ணலை?"ன்னு கேட்டா. கோவமாக் கேக்கலை, சாதாரணமாத்தான் கேட்டா. எனக்கு அப்பத் தெரியாது கண்ணுன்னேன். அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்லைங்க.

இன்னொண்ணும் சொல்லியாகோணும். பால்வாடின்னா சத்துமாவும் முட்டையும் வாங்கற இடம்னு பேசறவங்க நிறையப் பேர். அந்த டீச்சர் எடை போடோணும், போன்ல பதியோணும், கணக்கெடுப்புக்குப் போகோணும், ஓட்டர் லிஸ்டுக்கு வீடு வீடா அலையோணும், இதுக்கு நடுவுலதான் பிள்ளைகளைப் பாக்கோணும். 1975ல ஆரம்பிச்ச திட்டம் இது. இன்னிக்கும் காலமுறை ஊதியம் குடுங்கன்னு அவங்க தெருவுல வந்து உக்கார வேண்டியிருக்குது. எங்க டீச்சர் பணி ஓய்வு பெற்ற அன்னிக்கு, மாலை வாங்கக்கூட யாருக்கும் தோணலை. நாங்க நாலு அம்மாமாரு சேந்து ஒரு சேலை எடுத்துக் குடுத்தோம், அவ்வளவுதான்.

வேலைக்குப் போற அம்மாக்களைக் குத்தம் சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வர்ற உடம்பு எப்படி வலிக்கும்னு எனக்கும் தெரியும். அப்பாமாரையும் அந்த வகுப்புக்குக் கூப்பிடோணும்னுதான் நான் நினைக்கறேன். எங்க வீட்டுக்காரர் ஒரு வெள்ளிக்கிழமைகூட வரலை, ஆனா நான் பண்றதைப் பாத்துப் பாத்துக் கதையைப் பாதியில நிறுத்திக் கேள்வி கேக்க அவரும் பழகிட்டார்.

ப்ளே ஸ்கூல்ல சேத்தறது உங்க வசதி, வேண்டாம்னு சொல்ல நான் யாருங்க? ஆனா கடன் வாங்காதீங்க. எங்க சேத்தினாலும், "வீட்டுல எதுவும் சொல்லிக் குடுக்காதீங்க"ன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. அந்த வகுப்புக்கு ஒரு நாலு வாரம் போய்ப் பாருங்க, அம்மணி. செக்கிங்ல நீங்க பொழுதுக்கும் ஓட்டை, கறை, நிற வித்தியாசம்தானே பாக்கறீங்க? இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பை கட்டிங் வேஸ்ட் எடுத்துட்டு வந்து பாப்பா முன்னால கொட்டுங்க. அவ தப்பா வச்சா, பத்து எண்ணுங்க.