'புரிந்துகொள்வார்' என்பதை எப்படி அளப்பது?

கேள்வி: வணக்கம் அம்மா. கரூர் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து சிஓ (பாடத்தின் கற்றல் விளைவு) எழுத வேண்டும், அவற்றை பிஓ-க்களோடு (முழுப் படிப்பின் விளைவுகள்) எவ்வளவு தொடர்பு என்று 3, 2, 1 போட்டு மேப்பிங் செய்ய வேண்டும், செமஸ்டர் முடிந்ததும் பிள்ளைகள் எந்த அளவு எட்டினார்கள் என்ற அட்டெய்ன்மென்ட் கணக்கு கொடுக்க வேண்டும். போன தடவை என் கணக்கில் எல்லா சிஓ-வும் லெவல் 3, அதாவது உச்ச நிலை. ஆனால் அதே பிள்ளைகளுக்கு லேபில் ப்யூரெட் (கரைசலை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) ரீடிங் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை. இதெல்லாம் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்குக் காட்ட மட்டும்தானா? நான் என்ன செய்யட்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: தம்பி, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய தாளை வாசித்தேன். இரண்டாவது சிஓ இப்படி இருக்கிறது: 'பருமனறி பகுப்பாய்வின் தத்துவங்களை மாணவர் புரிந்துகொள்வார்.' (தெரிந்த செறிவுள்ள கரைசலைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, இன்னொன்றில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று கண்டறியும் டைட்ரேஷன்தான் இது.) புரிந்துகொண்டாரா இல்லையா என்று எதைப் பார்த்துச் சொல்வீர்கள்? பத்து மதிப்பெண் கேள்விக்கு நோட்ஸை அப்படியே எழுதிய பிள்ளையும் இதில் தேறிவிடும். லெவல் 3 வந்தது அதனால்தான்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'செறிவு தெரியாத ஃபெரஸ் கரைசலை பெர்மாங்கனேட்டால் டைட்ரேட் செய்து, 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போகும் இரண்டு ரீடிங் எடுத்து, அதிலிருந்து எடையைக் கணக்கிடுவார்.' இதை மேசைக்கு எதிரே நின்று கண்ணால் பார்த்துவிடலாம். பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் மேல்மட்டத்தைப் பார்த்து ரீடிங் எடுக்கிறாரா, முடிவுப்புள்ளி நெருங்கும்போது சொட்டுச்சொட்டாக விடுகிறாரா, வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கிறதா என்று பார்த்தாரா, இல்லை அடர்ந்த பிறகுதான் நிறுத்தினாரா? நான்கைந்து வரி உள்ள ஒரு தாளில் டிக் போட்டுக்கொண்டே போகலாம்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். முதலாமாண்டில் குள்ளமாக ஒரு பெண். ரெக்கார்டு நோட்டு அவ்வளவு சுத்தமாக இருக்கும், அகமதிப்பீட்டில் எப்போதும் முழு மதிப்பெண் போடுவேன். ஒருநாள் பக்கத்து மேசைப் பிள்ளை வரவில்லை. அன்று இவளுக்கு மூன்று ரீடிங்கும் மூன்று விதம். அருகில் போய் நின்றபோதுதான் தெரிந்தது, ப்யூரெட்டைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதுவரை அவள் எழுதியதெல்லாம் பக்கத்து மேசையின் எண்கள். ஸ்டாண்டை மேசையிலிருந்து இறக்கி ஒரு ஸ்டூல்மேல் வைத்து, கண்ணுக்கு நேராகப் பார்க்கச் சொன்னேன். 18.4. மறுபடியும் 18.4. அவள் முகம் மலர்ந்தது, எனக்கோ அன்று தூக்கம் வரவில்லை. ஒரு செமஸ்டர் முழுக்க அவளுக்குத் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அதன்பிறகு, செய்முறைத் தேர்வில் ஆளுக்கொரு அளவு கரைசல் கொடுப்பதுபோல, வாராந்திர லேபிலும் கொடுக்க ஆரம்பித்தேன். லேப் உதவியாளருக்குக் கொஞ்சம் வேலை கூடும். கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்ளுங்கள், செய்வார்.

இனி எழுத்துத் தேர்வு. மொத்த மதிப்பெண்ணை வைத்து அட்டெய்ன்மென்ட் போடாதீர்கள். ஒவ்வொரு வினாவும் எந்த சிஓ-வுக்கு என்று குறித்து, வினாவாரியாகப் பதியுங்கள். 60 பேர் உள்ள வகுப்பில், ஒரு சிஓ-வின் வினாக்களில் 60 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்கள் 42 பேர் என்றால் 70 சதவீதம். அதற்கு லெவல் 3-ஆ 2-ஆ என்பது உங்கள் கல்லூரி வைத்த எல்லையைப் பொறுத்தது. இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. 'அல்லது' போட்ட வினாக்களில் கணக்கை விட்டுவிட்டு விளக்கத்தை எழுதிப் பிள்ளைகள் தப்பித்துவிடுவார்கள். கணக்கு தெரிந்த 15 பேர் மட்டும் அதை எழுதியிருப்பார்கள். எழுதியவர்களை மட்டும் வைத்து வகுத்தால் பிரமாதமான சதவீதம் வரும்! ஆகவே இன்டர்னலில் ஒவ்வொரு சிஓ-வுக்கும் சாய்ஸ் இல்லாத ஒரு வினாவாவது வையுங்கள்.

மேப்பிங்கில் எல்லாக் கட்டத்திலும் 3 போட வேண்டியதில்லை. டைட்ரேஷனுக்கும் தலைமைப் பண்புக்கும் சம்பந்தம் இல்லையென்றால் கோடு போட்டு விடுங்கள்.

நாக் பற்றிக் கேட்டீர்கள். கற்றல் விளைவை அளக்கும் இந்த வழக்கம் நம் நாட்டில் பொறியியல் கல்லூரிகள் வழியாகத்தான் வேரூன்றியது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-இல் இந்தியா நிரந்தர உறுப்பினரானபோது, பட்டதாரிக்கு என்ன செய்யத் தெரியும் என்று காட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. கலை அறிவியல் கல்லூரிகளிடம் நாக்கும் இதைக் கேட்கிறது. எல்லாம் லெவல் 3 என்று காட்டினால், அடுத்த வருடம் எதை மாற்றப் போகிறீர்கள் என்ற இடத்தில் எழுத உங்களிடம் ஒன்றும் இருக்காது. இந்த முறை உண்மையான எண்ணைப் போடுங்கள். 'கணக்கில் லெவல் 1. வாரம் ஒரு டுடோரியல் மணிநேரம் சேர்க்கப்படுகிறது' என்று கீழே எழுதி எச்.ஓ.டி.யிடம் நேரில் கொடுங்கள். தயங்க வேண்டாம்.

கேள்வி: என் மகளின் கல்லூரி வினாத்தாளில் ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் கே1, கே2, சிஓ3 என்று இருக்கிறது. இவை என்ன?
(ஒரு தாய், தஞ்சாவூர்)

பதில்: அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் ப்ளூமும் சகாக்களும் 1956-இல் வகுத்து, 2001-இல் திருத்தப்பட்ட படிநிலைகள்தான் இந்த கே எண்கள். கே1 நினைவில் வைத்தல், கே2 புரிதல், கே3 பயன்படுத்துதல், கே4 பகுத்தாய்தல், கே5 மதிப்பிடுதல், கே6 புதிதாக உருவாக்குதல். சிஓ3 என்றால் அந்தப் பாடத்தின் மூன்றாவது கற்றல் விளைவு. அந்தப் பட்டியல் பாடத்திட்டத்திலேயே இருக்கும், வாங்கிப் பாருங்கள் அம்மா. விடைத்தாள் கைக்கு வந்ததும் மகளோடு உட்கார்ந்து, எந்த கே-யில் மதிப்பெண் போயிருக்கிறது என்று எண்ணுங்கள். கே1-இல் போயிருந்தால் படிக்கவில்லை. கே3-இல் போயிருந்தால், படித்தும் போட்டுப் பழகவில்லை. திட்டுவதற்கு முன் இந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.